மத்தியானம் மந்தமாகும் டர்போ கார்

கேள்வி: ஐயா, என்னுடையது மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார். விடியற்காலையில் தஞ்சாவூர் போகும்போது சிட்டாகப் பறக்கிறது. மத்தியானம் நான்கு பேரோடு, ஏசி போட்டுத் திரும்பினால் மூன்றாவது கியரிலேயே இழுவை இல்லை. “டைமிங்கை நாலு டிகிரி அட்வான்ஸ் வைத்தால் பிக்கப் வந்துவிடும்” என்கிறார் ட்யூனிங் செய்பவர். வைக்கலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம். டைமிங்தான் கோளாறு என்றால் காலையிலும் அல்லவா இழுக்காமல் இருக்க வேண்டும்? நான்கு பேர் ஏறினால் கொஞ்சம் மந்தம் வரத்தான் செய்யும். நீங்கள் சொல்வது அதற்கும் மேலே என்று தெரிகிறது.

பிளக்கில் பொறி விழுந்ததும் பெட்ரோல் மொத்தமும் எரிந்துவிடாது. 3000 ஆர்பிஎம்மில் ஒரு மில்லி செகண்டுக்குள் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) 18 டிகிரி சுற்றிவிடும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விடுகிறோம். எத்தனை டிகிரி முன்னால் என்பதுதான் டைமிங்; இன்னும் முன்னால் தள்ளுவது அட்வான்ஸ். டர்போ இல்லாத இன்ஜின் முழு ஆக்சிலரேட்டரில் 30 டிகிரி வரைகூடத் தாங்கும். டர்போ காற்றைத் திணிக்கும்போது கலவை அடர்த்தியாகிச் சீக்கிரம் எரிகிறது. அங்கேயும் அதே 30 டிகிரி வைத்தால், ஓரத்தில் எரியாமல் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானே பற்றிக்கொள்ளும். அதுதான் நாக்கிங். முற்றினால் பிஸ்டனே உடையும். பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் அழுத்தம், ஒரு பிஎஸ்ஐ கூடினால் ஒரு டிகிரி குறை என்று பழைய ட்யூனர்கள் ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். குத்துமதிப்புக்குச் சரி, அவ்வளவுதான். ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து: எரிவது தாமதமாகி, சூடெல்லாம் சைலன்சர் பக்கம் போய் டர்போவை வறுக்கும்.

உங்கள் வண்டியில் இந்த வேலையை ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், பார்த்துக்கொள்கிறது. நாக் சென்சாருக்கு அதிர்வு தெரிந்த கணமே டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். உள்ளே வரும் காற்று சூடாக இருந்தால் நாக்கிங் வருமுன்பே குறைத்துவிடும். மத்தியானம் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

காற்று ஏன் சூடாகிறது? டர்போ அழுத்திச் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் அடைத்திருக்கலாம். இது சம்பா அறுவடை நேரம். உங்கள் பக்கம் தார் ரோட்டிலேயே நெல்லும் வைக்கோலும் காய்கின்றன. முன் பம்பரின் கீழ் வலைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். போன வாரம் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியில் பதரும் வைக்கோல் தூசும் பனி ஈரத்தில் ஊறி, இன்டர்கூலரின் கீழ்ப்பாதியைச் சாணி மெழுகியதுபோல் மூடியிருந்தன. பம்பரைக் கழற்றி, உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். சில மாடல்களில் இன்டர்கூலர் தண்ணீரில் குளிரும். அதற்கென்று முன்னால் தனியாக ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கும், அதைப் பாருங்கள்.

அப்புறம், ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்ன ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள். ‘டைமிங் அட்வான்ஸ்’, ‘இன்டேக் ஏர் டெம்பரேச்சர்’ இரண்டும் போனிலேயே தெரியும். ஒரே ரோடு, ஒரே கியர், காலையிலும் மத்தியானமும் பார்த்துக் குறியுங்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், ஓட்டுகிற நீங்கள் பார்க்க வேண்டாம். வெப்பம் ஏற ஏற டிகிரி இறங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. இறங்கவில்லை என்றால் பிளக் இடைவெளியையும் பூஸ்ட் ஹோஸ் கிளாம்ப்களையும் பாருங்கள். இடைவெளி மேனுவலில் சொன்ன அளவைத் தாண்டினால் பூஸ்டில் பொறி அணைந்துபோகும்.

இதற்குப் பிறகும் ட்யூனிங் ஆசை விடவில்லையா? சரி, ஆனால் சோதனை ஓட்டம் மத்தியான வெயிலில் நடக்கட்டும். காலை ஆறு மணிக்கு நாக்கிங் இல்லை என்று காட்டுவது மே மாதத்துக்குச் செல்லாது.

கேள்வி: டர்போ டீசல் ஜீப்புக்கு டைமிங் லைட் பிடிக்கலாமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: டீசலில் பொறியே கிடையாது, சாதா டைமிங் லைட் எதைப் பார்த்து மின்னும்? டீசலைப் பீய்ச்சும் நேரம்தான் அங்கே டைமிங். பழைய பம்ப் வண்டி என்றால் பம்ப் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். காமன் ரெயில் என்கிற புதிய முறை என்றால் அங்கேயும் ஈசியூதான்.