கேளுங்கள், சொல்கிறேன்: பட்டாசும் மணியும்

கேள்வி: எங்கள் மணிக்கு எட்டு வயது, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். தீபாவளிக்கு நாலு நாள் முன்பே முதல் வெடி கேட்டதும் பாத்ரூமில் வாளிக்கும் சுவருக்கும் நடுவே போய் ஒடுங்கிக்கொள்கிறது. சோறு, பால் எதையும் தொடாது, மூத்திரம் போகக்கூட வெளியே வராது. "குழந்தைகள் வருஷத்தில் ஒருநாள் வெடிக்கட்டுமே, ஒரு நாய்க்காக ஊரே நிறுத்துமா?" என்கிறார் மாமனார். பட்டாசை அடியோடு தடை செய்தால் என்ன?
- ஒரு வாசகி, மயூர் விஹார், டெல்லி

பதில்: டெல்லியில் ஒருநாளா வெடிக்கிறார்கள்? தசராவில் ராவணனைக் கொளுத்துவதில் ஆரம்பித்து தீபாவளி, குருநானக் ஜெயந்தி, கல்யாண சீசனில் மாப்பிள்ளை ஊர்வலம், புத்தாண்டு என்று போகும், நடுவில் கிரிக்கெட்டில் ஜெயித்தால் அன்றைக்கும் உண்டு.

ஆனாலும் முழுத் தடையில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2024 டிசம்பரில் டெல்லி அரசு வருஷம் முழுவதற்கும் தடை போட்டது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளியை ஒட்டி, புகை குறைவான பசுமைப் பட்டாசை மட்டும் காலை 6 முதல் 7 வரையும் இரவு 8 முதல் 10 வரையும் வெடிக்கலாம் என்றது. (அந்தக் காலை ஒரு மணி நேரம், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெடிக்கும் நம் வீடுகளுக்கென்றே அளந்து கொடுத்த மாதிரி இருந்தது!) இந்த இழுபறி முழுக்கப் புகையைப் பற்றியது, சத்தத்தைப் பற்றி யாரும் அவ்வளவாக வாய் திறப்பதில்லை. நீரி என்ற மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பசுமைப் பட்டாசில் புகைத்தூசி 30 சதவீதம் வரை குறையலாம், சரி. சத்தத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்போ, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபல். மணிக்கு அது பச்சையா சிவப்பா என்று தெரியவா போகிறது? நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், நாயின் காதுக்கு 45,000 வரை எட்டும். போதாததற்கு, அடுத்த வெடி எப்போது, எந்தப் பக்கமிருந்து வரும் என்று அதற்குத் தெரியாது.

அதனால் நான் கேட்பது, அணுகுண்டையும் சரவெடியையும் கடையிலேயே நிறுத்துங்கள் என்பதுதான். சரவெடிக்கு 2018-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டாயிற்று. இரவு 10 முதல் காலை 6 வரை சத்தப் பட்டாசு கூடாது என்றும் 2005-லேயே சொல்லியாயிற்று, அதையாவது போலீஸ் அமல்படுத்தட்டும். புஸ்வாணம், சங்குசக்கரம் இருக்கட்டும், சிவகாசியில் அதை நம்பியும் அடுப்பு எரிகிறது. ஊரே நிறுத்துமா என்று கேட்ட மாமனாரிடம், சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். வந்து தங்கும் பறவைகள் மிரளக்கூடாது என்று அங்கே பல வருஷங்களாகத் தீபாவளிக்கு வெடிப்பதே இல்லை.

கேள்வி: அம்மா சாப்பிடும் தூக்க மாத்திரையில் பாதியை எங்கள் லாப்ரடாருக்குக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், ஆர்.கே.புரம், டெல்லி

பதில்: கூடவே கூடாது. சில மயக்க மருந்துகள் உடம்பைத்தான் கட்டிப்போடும், காது கேட்டுக்கொண்டேதான் இருக்கும், பயம் அப்படியே உள்ளே கிடக்கும். பயத்தையே குறைக்கும் மருந்துகள் தனியாக இருக்கின்றன. நாயின் எடையையும் இதயத்தையும் பார்த்துக் கால்நடை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும், அதையும் வெடி ஆரம்பிப்பதற்கு முன்பே கொடுத்தால்தான் பலன். இருட்டுவதற்குள் வாக்கிங்கை முடித்துவிடுங்கள், பெல்ட்டைக் கழற்றவே வேண்டாம், மிரண்டு ஓடி வழி தெரியாமல் அலையும் நாய்கள் நிறைய. ஜன்னல் இல்லாத உள் அறையில் ஃபேனை வேகமாக வைத்து டிவியையும் போட்டுவிடுங்கள். அது தானாகப் போய்ப் பதுங்கிய இடத்திலிருந்து இழுக்காதீர்கள். அப்புறம், தடவிக் கொடுத்தால் பயம் அதிகமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாகத் தடவுங்கள்.

கேள்வி: தெருநாய் வாலில் பையன்கள் சரவெடி கட்டுகிறார்கள். கேட்டால் "விளையாட்டு அங்கிள்" என்கிறார்கள்.
- ஒரு வாசகர், கரோல் பாக், டெல்லி

பதில்: 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். நாய் செத்தாலோ ஊனமானாலோ இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் ஐந்து வருஷம் வரை உள்ளே போகலாம். முதலில் பையன்களின் அப்பாவிடம் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிப் பாருங்கள், மசியவில்லை என்றால் வீடியோ எடுத்துவிட்டு 112-ஐக் கூப்பிடுங்கள். அன்று ராத்திரி மட்டும் உங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு சாக்கை விரித்து கேட்டைத் திறந்து வையுங்கள், வாட்ச்மேனிடமும் விரட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.