இனம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: திருமணமாகி போஸ்னியாவின் துஸ்லா நகரில் வசிக்கிறேன். கணவரின் அப்பா போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), அம்மா செர்ப் (ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்). ஒரு சின்ன சமூக ஜனநாயகக் கட்சி அவரைக் கன்டோன் சபைத் தேர்தலில் நிற்கச் சொல்கிறது. படிவத்தில் இனத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. “செர்ப் என்று போடுங்கள், மேலே சீட் நிச்சயம்” என்கிறார் ஒருவர். காலியாக விட்டால் மனு தள்ளுபடியாகுமா?

பதில்: ஆகாது. கன்டோன் சபையை மாகாண சட்டமன்றம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதில் நிற்க, ஜெயிக்க, உட்கார இனம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. சொல்லாவிட்டால் ஒன்றுதான் நடக்கும்: இனக் கணக்கில் நிரப்பும் பதவிகளை அவராகவே வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள்.

துஸ்லாவிலிருந்து இந்தக் கேள்வி வருவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். 1990 தேர்தலில் நாடு முழுக்க இனக் கட்சிகள் வாரிக்கொண்டு போனபோது சாயாத ஊர் அது. 1995 மே 25 அன்று காபியா சதுக்கத்தில் குண்டு விழுந்து 71 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களில் பெரும்பாலோரை மதம் பார்க்காமல் ஒரே இடத்தில் புதைத்த ஊர். அங்கே உயிரோடு இருப்பவனுக்குக் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சரி, அந்த ‘மேலே சீட்’டுக்கு வருவோம். நாடு இரண்டு பெரிய பகுதிகள்: துஸ்லா இருக்கும் ஃபெடரேஷன் ஒன்று, ஸ்ர்ப்ஸ்கா குடியரசு இன்னொன்று. ஃபெடரேஷனின் மக்கள் அவைக்குக் கன்டோன் சபைகள்தான் ஆள் அனுப்புகின்றன. மொத்தம் 80 இடம். போஸ்னியாக், குரோட், செர்ப் ஆளுக்கு 23, இந்த மூன்றிலும் சேராத ‘மற்றவர்’களுக்கு 11. ஃபெடரேஷனில் செர்ப்கள் குறைவு என்பதால் அவர்கள் இடங்கள் முன்பெல்லாம் நிரம்பாமலே கிடந்தன. தரகர்கள் மோப்பம் பிடித்தது அதைத்தான். இது தாசில்தார் தரும் சாதிச் சான்றிதழ் இல்லை, அவரவர் வாயால் சொல்வது. அதனால் சீட்டுக்காக ஒரே இரவில் இனம் மாறியவர்கள் உண்டு. உங்கள் கணவர் செர்ப் என்று எழுதினால் பொய்யில்லை, அம்மா செர்ப்தானே. ஆனால் ‘நிச்சயம்’ என்பது பொய். முதலில் கட்சி 3 சதவீத வாக்கைத் தாண்ட வேண்டும், அப்புறம் அவர் ஜெயிக்க வேண்டும், அதன்பின் சபையில் வாக்கெடுப்பு. தரகர் கையில் எதுவுமில்லை.

ஜனாதிபதி இடத்தில் உட்காரும், நாட்டின் மூவர் தலைமைக் குழு மட்டும் வேறு கதை. போஸ்னியாக், குரோட் உறுப்பினர்கள் ஃபெடரேஷனிலிருந்து, செர்ப் உறுப்பினர் ஸ்ர்ப்ஸ்கா குடியரசிலிருந்து. ஆக, துஸ்லாவில் இருக்கும் உங்கள் கணவர் செர்ப் என்று போட்டாலும் அதில் நிற்க முடியாது, ‘மற்றவர்’ என்று போட்டாலும் முடியாது, காலியாக விட்டாலும் முடியாது. ரோமா இனத்தவரான செய்திச்சும் யூதரான ஃபின்சியும் வழக்குப் போட்டு, இது பாகுபாடு என்று 2009 டிசம்பரில் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார்கள். இனம் சொல்லவே மறுத்த அஸ்ரா சோர்னிச்சும் அதே நீதிமன்றத்தில் 2014-ல் வழக்கை ஜெயித்தார். அரசியல் சட்டத்தில் ஒரு கமா மாறவில்லை. 1995-ல் அமெரிக்காவின் டேட்டனில் போரை நிறுத்த எழுதிய ஒப்பந்தத்தின் இணைப்புத் தாளையே அரசியல் சட்டமாக வைத்துக்கொண்டால் இப்படித்தான்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. வாக்குச்சாவடிக் குழுக்களில் சின்னக் கட்சிகளுக்கும் இடம் கிடைக்கும். அதைப் பெரிய கட்சிக்கு விற்றுவிடுவார்கள். பார்வையாளனாகப் போனபோது ஒரு சாவடியில் ஒருவரிடம் எந்தக் கட்சி என்று கேட்டேன். கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பி, படித்துப் பார்த்துச் சொன்னார். 2024 திருத்தம் சாவடித் தலைவர் பதவியைக் கட்சிகளிடமிருந்து எடுத்துவிட்டது. மற்ற இடங்கள் இன்னும் அவர்களுக்குத்தான். கணவரைக் கூப்பிடும் கட்சி போன தேர்தலில் தன் இடங்களுக்கு யாரை அனுப்பியது என்று பெயர் பெயராகக் கேட்கச் சொல்லுங்கள். மழுப்பினால் வேட்பாளர் பட்டியலும் வியாபாரம்தான்.

காலியாக விடுவதென்றால் அந்தக் கட்டத்தில் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திடட்டும். ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். வெறும் கட்டமாகக் கட்சி ஆபீசில் கொடுத்தால், வேறு யாரோ பேனாவை எடுப்பார்கள்.