அண்ணன் கடைசியாக எப்போது கூப்பிட்டார்?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. பிரபலம் யார் இறந்தாலும், அவர் தன் நெருங்கிய நண்பர் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் விளையாட்டாக எழுதுவார். எஸ்.பி.பி. இறந்தபோது, "நேத்து ராத்திரிகூட பாலு கூப்பிட்டாரு, நான்தான் எடுக்கலை" என்றார். விவேக்குக்கும் அதே, விஜயகாந்துக்கும் அதே. எல்லோரும் சிரிப்பார்கள். இப்போது வெளியாட்களிடமும் சொல்கிறார். சிலர் நம்பி ஆறுதல் சொல்கிறார்கள், எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சொந்த அண்ணன் கூப்பிட்டாலே எடுக்காதவர், அதை விடுங்கள். இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது?

பதில்: சகோதரி, அண்ணன் விஷயத்தை ஏன் விட வேண்டும்?

இறந்த நடிகரோடு தோளில் கைபோட்டுப் பழகியதாகக் கதை விடுகிறவர்களைப் பற்றி எனக்கு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. உங்கள் கணவர் கதையில் மட்டும் மூன்று பேருக்கும் ஒரே வசனம். கூப்பிட்டார், எடுக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று நீங்களே எழுதிவிட்டு, இரண்டே சொல்லில் தாண்டிப் போகிறீர்கள்.

எஸ்.பி.பி. மருத்துவமனையில் சேர்ந்தது 2020 ஆகஸ்ட் 5. இறந்தது செப்டம்பர் 25. இடையில் ஐம்பது நாள். வென்டிலேட்டரிலும் எக்மோ என்ற உயிர்காக்கும் கருவியிலும் கிடந்தவர் எங்கே போன் போடுவது? அப்பா எப்படி இருக்கிறார் என்று மகன் சரண் வீடியோவில் வந்து சொல்லச் சொல்ல, நாமெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தோம். அந்த மகன் முகத்தைப் பார்த்த பிறகும் இந்த விளையாட்டு வருகிறதென்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

உங்கள் மேலும் கோபம்தான். போன் அடிக்கிறது, திரையில் அண்ணன் பெயர். அவர் அதைக் கவிழ்த்து வைக்கிறார். அடித்து ஓயும்வரை நீங்களும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? ஒரு நாளாவது "எடுங்கள்" என்று சொன்னீர்களா? வெளியாட்கள் முன்னால் வந்த கூச்சம் அப்போது ஏன் வரவில்லை?

இன்னொன்று. குடும்ப குரூப் என்றால் அண்ணனும் அதில் இருப்பார். தம்பி "கூப்பிட்டாரு, எடுக்கலை" என்று எழுதுவதையும், அதற்குக் குடும்பமே சிரிப்பதையும் அவர் படித்திருப்பார். அந்த மனிதர் மனசு என்ன பாடு பட்டிருக்கும்!

என்ன சண்டை என்று நீங்கள் எழுதவில்லை. சொத்தோ, வாய்த் தகராறோ, எனக்கு அது வேண்டாம். கூடப் பிறந்தவர் கூப்பிட்டால் எடுக்க வேண்டும். எடுத்துச் சண்டை போட்டாலும் சரி.

வெளியாட்கள் யாராவது நம்பினால், "விளையாட்டுக்குச் சொல்கிறார்" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். அது பெரிய விஷயமில்லை. இன்றைக்கே உங்கள் ஓரகத்திக்குப் போன் செய்து, பெரியவர் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அடுத்த தடவை அண்ணன் கூப்பிடும்போது நீங்களே எடுத்து, "இதோ பேசுகிறார்" என்று உங்கள் கணவர் கையில் கொடுங்கள். முறைப்பார், முறைக்கட்டும்.

அப்புறம், அண்ணன் கடைசியாகக் கூப்பிட்ட தேதி அவர் போனிலேயே இருக்கும். இன்று ராத்திரி அதை எடுத்துக் காட்டி, எத்தனை நாளாயிற்று என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள்.