கீமோகைன் மரபணு ரிப்போர்ட்டும் சில கேள்விகளும்

கே: அம்மாவுக்கு முடக்குவாதம் (ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்). எச்சில் கொடுத்து எடுத்த மரபணு சோதனையில் எனக்கு சிசிஆர்6-இல் ரிஸ்க் என்று வந்திருக்கிறது. எனக்கும் வந்துவிடுமா டாக்டர்?

அந்த ஒரு வரியைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கீமோகைன் என்பது செல்கள் கிளப்பிவிடும் வாசனை மாதிரி, வெள்ளை அணுக்கள் அதை மோப்பம் பிடித்தே வந்து சேரும். வீங்கிய மூட்டுச் சவ்வு சிசிஎல்20 என்ற ஒன்றைச் சுரக்கிறது, அதை முகரும் மூக்குதான் சிசிஆர்6. அந்த மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்துக்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பு இருப்பதை 2010-இல் ஜப்பானில் கண்டார்கள், சரி, ஆனால் அதன் பலம் கொஞ்சம்தான்: நூற்றில் ஒருவருக்கு வரும் நோய் ஏறக்குறைய ஒன்றேகால் பேருக்கு வரும். நம் செல் எது, அந்நியம் எது என்று அடையாளம் காட்டும் எச்எல்ஏ மரபணுக்களின் பங்கு இதைவிடப் பெரிது. அதையெல்லாம் சேர்த்தாலும், ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவருக்கும் வருவது சுமார் 15 சதவீதம்தான். சிகரெட் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். காலையில் எழுந்து டம்ளரைப் பிடிக்கக்கூட விரல் மடங்காமல் அரை மணிக்கு மேல் இறுக்கமாகவே இருக்கிறது, வாரக்கணக்கில் இப்படி என்றால் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள், முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ஆன்டி சிசிபி ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்.

கே: சிசிஆர்5-இல் 32 எழுத்து விடுபட்டவர்களுக்கு எச்ஐவி தொற்றாதாமே, சர்க்கரையும் வராதா?

சிசிஆர்5-உம் ஒரு மூக்குதான், எச்ஐவி அதைப் பிடித்துக்கொண்டுதான் செல்லுக்குள் புகுகிறது. அப்பா, அம்மா தந்த இரண்டு பிரதியிலும் விடுபட்டிருந்தால் எச்ஐவி பெரும்பாலும் உள்ளே நுழைய முடியாது. ஐரோப்பியரில் நூற்றில் ஒருவர் இப்படி, நம்மவர்களிடம் அபூர்வம். இரண்டும் விடுபட்டவர்களுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதி என்று 2008-இல் தெரிந்தது. ஆனால் வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றினால் இவர்களுக்குத்தான் காய்ச்சல் கடுமையாகிறது. மூக்கை அடைத்துக்கொண்டால் சாக்கடை நாற்றம் மட்டுமா தெரியாமல் போகும், கேஸ் கசிவதும்தான்.

கே: அப்படியானால் சிசிஆர்5-ஐ மருந்தால் அடைத்தால் முடக்குவாதம் அடங்குமா?

எச்ஐவிக்கான மாராவிராக்கைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. கீமோகைன்கள் ஐம்பது போல, அவற்றை முகரும் மூக்குகளான ஏற்பிகள் இருபது போல. ஒரு வழியை அடைத்தால் அணுக்கள் வேறு சந்தில் புகுந்து வந்துவிடும்.

கே: வெண்புள்ளிக்கும் கீமோகைன்தான் காரணமா?

சிஎக்ஸ்சிஎல்10 என்ற கீமோகைன்தான் நிறமி செல்களைக் கொல்லும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களைத் தோலுக்கு அழைத்து வருகிறது. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரக்சோலிடினிப் கிரீம், அந்தக் கீமோகைனைச் சுரக்கச் சொல்லும் சிக்னலையே தடுக்கிறது. மாதக்கணக்கில் தடவ வேண்டும், முகத்தில் நன்றாகக் கேட்கும், விரல் நுனியில் அவ்வளவாக இல்லை.