ஐந்து பேராகக் குறைந்த கூட்டத்தைத் தொடரலாமா?

கேள்வி: தாம்பரத்தை அடுத்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன், மொத்தம் 64 வீடுகள். சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கையைப் பற்றி மாதந்தோறும் கூடிப் பேசலாம் என்று அழைத்தபோது முதல் கூட்டத்துக்கு 26 பேர் வந்தனர். மூன்றாவது கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐவர். அவர்களிலும் இருவரே பேசுகின்றனர். பருவநிலை மாற்றத்தில் தொடங்கும் பேச்சு, அரசைக் குறை கூறுவதில் முடிந்துவிடுகிறது. குழுவைத் தொடர்வதா, கலைத்துவிடுவதா?

பதில்: கலைக்க வேண்டாம். ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் 26 பேர் அமர்ந்தால், ஆளுக்கு மூன்றரை நிமிடம்கூடக் கிடைக்காது. அங்கே சொற்பொழிவு நடக்கலாம், கலந்துரையாடல் நடக்காது. எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை இருப்பதே இத்தகைய குழுவுக்கு ஏற்ற அளவு என்பது என் அனுபவம். உங்களிடம் இப்போதே ஐவர் இருக்கிறார்கள்.

ஆட்கள் குறைந்ததற்குக் காரணம் ஆர்வமின்மை என்று நான் கருதவில்லை. வந்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் செய்வதற்கு வேலை எதுவும் இருக்கவில்லை. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களை எண்ணிப் பாருங்கள். 12 முதல் 20 பெண்கள் பாய் விரித்து வட்டமாக அமர்ந்து, சேமிப்புப் பணத்தை எண்ணி, கடன் தவணையைச் சரிபார்த்து, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திட்ட பிறகே எழுவார்கள். தான் வராவிட்டால் கணக்கு நின்றுவிடும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். உங்கள் கூட்டத்துக்கும் அப்படியொரு கணக்கு தேவை.

ஆகவே, பருவநிலை மாற்றத்தைத் தலைப்பாக வைக்காதீர்கள். குடியிருப்பின் வாசலுக்குள் கண்ணால் காணக்கூடிய ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரையே எடுத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும் என்பதிலிருந்து தொடங்கலாம். 4,000 சதுர அடி மொட்டைமாடியில் 50 மில்லிமீட்டர் மழை என்றால் ஏறத்தாழ 18,500 லிட்டர். வீணாவது போக மீதமுள்ளதே 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை மிஞ்சும். இந்தக் கணக்கை உறுப்பினர்களே அளவுநாடா பிடித்து, தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். அதன் பிறகு, மழைநீர்க் குழாயின் வடிகட்டியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தோம் என்ற கேள்வியைத் தனியாக எழுப்பவே வேண்டியிருக்காது.

குப்பையில் தொடங்குவது இன்னும் எளிது. நான் நடத்திய ஒரு குழுவில், ஆறு பேர் தத்தம் வீட்டின் ஒருநாள் மக்கும் குப்பையைப் பையில் எடுத்து வந்து, சமையலறைத் தராசில் நிறுத்தோம். எடையைக் காட்டிலும் பைகளுக்குள் இருந்ததே எங்களை அதிகம் பேச வைத்தது: வாடிய கொத்தமல்லிக் கட்டு, பிரிக்கப்படாத தயிர்ப் பாக்கெட், முந்தைய நாள் சாதம். இரண்டு கூட்டங்களாக வாய் திறவாதிருந்த ஓர் அம்மா, தம் வீட்டு உரத்தொட்டியில் நாற்றம் வந்தபோது காய்ந்த இலைகளைக் கூடுதலாகப் போட்டுக் கிளறிவிட்டதாகவும், புளித்த மோர் தெளித்து வந்ததாகவும், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் மண் வாசனையுள்ள உரம் கிடைத்ததாகவும் சொன்னார். ஈரம் மிகுந்து காற்று புகாததே நாற்றத்துக்குக் காரணம் என்று நான் விளக்கியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பார்கள்; அவர் சொன்னதால் அடுத்த மாதம் மேலும் மூன்று வீடுகளில் தொட்டி வைத்தார்கள்.

இருவரே பேசுவதற்கு ஒரு விதி போதும்: எல்லோரும் ஒருமுறை பேசி முடிக்கும்வரை யாரும் இரண்டாம் முறை பேசக் கூடாது. அதிகம் பேசுபவர்களில் ஒருவரிடம் குறிப்பேட்டைக் கொடுத்து, பிறர் சொல்வதை எழுதும் பொறுப்பை ஒப்படையுங்கள். நீங்களும் விடை தெரிந்த ஆசிரியராக அமர வேண்டாம். 1902-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்த ஆஸ்கர் ஓல்சன் தொடங்கிய படிப்பு வட்டம், ஆசிரியர் இல்லாமல் உறுப்பினர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் முறையில்தான் அந்நாடு முழுவதும் பரவியது.

அரசைப் பற்றிய குறையைத் தடுக்கவும் வேண்டாம். அதில் நியாயம் இருக்கும்போது, அதை மனுவாக எழுதுவது யார், ஊர்களில் கிராம சபை போல நகர்ப்புறத்தில் நடக்கும் பகுதி சபைக் கூட்டத்துக்கு எடுத்துச் செல்வது யார் என்று அங்கேயே பெயரோடு குறித்துவிடுங்கள். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இன்படி மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் கடமை நமக்கும் இருந்தது. அந்தக் கடமையை எந்த அளவுக்கு நிறைவேற்றினோம் என்பதையும் அதே குறிப்பேட்டில் எழுதுவது நேர்மை.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் குடியிருப்பின் குப்பையைக் கையால் தொடுபவர்கள் தூய்மைப் பணியாளர்கள். எந்த வீட்டுப் பையில் கண்ணாடித் துண்டு இருக்கும், எந்தத் தளத்தில் எல்லாம் கலந்து வரும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. அவர்களுக்கு ஓய்வுள்ள நேரத்தில் கூட்டத்தை வைத்து, வட்டத்தில் நாற்காலி போட்டு அமரச் செய்து, அந்த நேரத்துக்குரிய ஊதியத்தையும் சங்கத்திலிருந்து கொடுங்கள். அவர்கள் இல்லாமல் குப்பையைப் பற்றிப் பேசுவதை நான் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.

நான்காவது கூட்டத்துக்கு அறிவிப்புப் பலகையை மட்டும் நம்பாமல், முன்பு வந்து நின்றுவிட்டவர்களின் கதவைத் தட்டி, ஒருநாள் குப்பையோடு வருமாறு அழையுங்கள். கலையும்போது ஒவ்வொருவரும் அடுத்த மாதத்துக்குள் செய்யவிருக்கும் ஒரே ஒரு செயலைச் சொல்லட்டும். ஐந்தாவது கூட்டம் அந்தப் பட்டியலை வாசிப்பதில் தொடங்கட்டும். எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்டினால், பிளாக் வாரியாக இரண்டு குழுக்களாகப் பிரித்துவிடுங்கள்.