மறு: ஷாம்பெய்ன் பாதி பொங்கிக் கொட்டியது, மீதி புளிக்கிறது

பாரிஸிலிருந்து பெட்டியில் வந்த 2 பாட்டில்களில் ஒன்றை மறுநாளே ஃப்ரீசரில் 20 நிமிடம் வைத்துத் திறந்திருக்கிறீர்கள். உள்ளே சுமார் 6 வளிமண்டல அழுத்தம். பயணத்தில் குலுங்கியது, நடுப்பகுதி குளிரவேயில்லை. பொங்காமல் என்ன செய்யும்?

அடுத்ததை ஃப்ரிட்ஜில் 2 நாள் நிமிர்த்தி வையுங்கள். திறக்கும் முன் பாதி ஐஸ், பாதி தண்ணீர் உள்ள வாளியில் அரை மணி நேரம்; 8-10 டிகிரி போதும். கார்க்கை மூடியிருக்கும் கம்பி வளையத்தை 6 அரைச்சுற்று தளர்த்துங்கள், ஆனால் கழற்றாதீர்கள். கம்பியோடு சேர்த்துக் கார்க்கை இறுகப் பிடித்து, பாட்டிலைச் சாய்த்து, பாட்டிலை மட்டும் திருகுங்கள். கார்க் மேலே தள்ளும்போது எதிர்த்து அழுத்துங்கள். ‘புஸ்’ என்று மெல்ல வர வேண்டும். ‘டப்’ சத்தமெல்லாம் கல்யாண வீடியோவுக்குத்தான்.

புளிப்பு கெட்டுப்போனதால் அல்ல. லேபிளில் பொடியாக ‘ஆர்எம்’ என்று இருக்கிறதல்லவா? சொந்தத் திராட்சையில் தாங்களே தயாரிக்கும் குடும்பம் என்று அர்த்தம். உங்களுடையது ‘எக்ஸ்ட்ரா ப்ரூட்’, அதாவது இனிப்பு மிகக் குறைந்த வகை. லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரைக்கு மேல் இருக்காது. ஷாம்பெய்ன் பகுதியில் உள்ள லெ மெனில் சுர் ஓஜே ஊரின் சுண்ணாம்பு மண்ணில் விளையும் ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சைக்கு அந்தக் கூர்மைதான் பெருமை. ஒல்லிக் கிளாஸ் வேண்டாம். வயிறு அகன்ற ஒயின் கிளாஸில் ஊற்றி, உப்புத் தூக்கலான வறுத்த இறாலோடு குடித்துப் பாருங்கள்.