கனடாவின் பூர்வகுடி எழுத்து – கடிதம்

அன்புள்ள ஐயா,

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் 19 ஆண்டுகளாக இருக்கிறேன். மகள் 11ஆம் வகுப்பு. ஆங்கிலப் பாடத்தில் ஷேக்ஸ்பியரைக் காணோம். எல்லாம் பூர்வகுடி எழுத்தாளர்களின் புத்தகங்கள். இப்போது அவள் கையில் இருப்பது ‘இந்தியன் ஹார்ஸ்’. அவர்கள் பட்ட துன்பத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இது குற்றவுணர்ச்சியில் கொடுத்த இடம் என்றுதான் எனக்குப் படுகிறது. எத்தனை புலம்பலைப் படிப்பது? கனடிய இலக்கியம் என்றால் அட்வுட், ஆலிஸ் மன்றோ என்று படித்து வந்தவன் நான். இவர்களை எங்கே வைப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

குற்றவுணர்ச்சி இருக்கிறது, அதை மறைப்பானேன். பூர்வகுடிக் குழந்தைகள் சுமார் 1,50,000 பேரைக் குடும்பத்திலிருந்து பிரித்துவைத்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றிய ஆணையத்தின் இறுதி அறிக்கை 2015இல் வந்தது. டொராண்டோ பொதுப் பள்ளிகளில் உங்கள் மகள் படிக்கும் இந்த ஆங்கிலப் பாடத்தைக் கட்டாயமாக்க முடிவெடுத்தது 2023இல். சரி, பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது குற்றவுணர்ச்சி என்றே வைத்துக்கொள்வோம். புத்தகத்தை எழுதியது யார்?

மகளிடம் அதை இரவல் வாங்கிப் பாருங்கள். ரிச்சர்ட் வாகமீஸ் 2012இல் எழுதிய நாவல். உறைவிடப் பள்ளியில் சால் என்ற ஒஜிப்வே சிறுவன். ஐஸ் ஹாக்கி ஆட வயது போதாது. பனித்தளத்தைச் சுத்தம் செய்யும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறான். விடியுமுன் எழுந்துபோய், உறைந்து கல்லாகிவிட்ட குதிரை லத்தியை ஹாக்கியின் ரப்பர் வட்டுக்குப் பதிலாக வைத்துத் தனியே அடித்துப் பழகுகிறான். இதில் புலம்பல் எங்கே? அந்த ஆட்டத்தின் குஷியில் நாமும் கூடவே வழுக்கிக்கொண்டு போகிறோம். சால் தனக்குத்தானே மறைத்துக்கொண்ட ஒன்று கடைசிப் பகுதியில்தான் வெளியே வருகிறது. என்னவென்று சொல்லமாட்டேன். அதை அவ்வளவு தூரம் மூடிவைத்திருப்பது தேர்ந்த கை.

இன்னொரு மறைப்பு உண்டு. அது எழுதியவர் செய்ததல்ல. மரியா கேம்ப்பெல் என்ற மேட்டிப் பெண்ணின் (மேட்டி என்றால் பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்து உருவான இனம்) தன்வரலாறு ‘ஹாஃப்பிரீட்’, 1973இல் வந்தது. சாஸ்காட்சுவானில் நிலம் பறிபோன மேட்டிக் குடும்பங்கள் சாலைக்கென அரசு ஒதுக்கிய ஓரங்களில் குடிசை போட்டு வாழ்ந்தன. நம்மூர்ப் புறம்போக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 வயதில் கனடாவின் மத்திய போலீஸான ஆர்.சி.எம்.பி.யைச் சேர்ந்த ஒருவரால் வன்புணர்வுக்கு ஆளானதை மரியா எழுதியிருந்தார். வழக்கு வருமென்று பயந்து பதிப்பகம் அவர் சம்மதமில்லாமலே அதை எடுத்துவிட்டது. கல்லூரிகளில் பாடமாக வைத்தார்கள், கட்டுரை எழுதினார்கள். எல்லோரும் படித்தது அந்தப் பகுதி இல்லாத புத்தகத்தை. 2018இல் ஹாமில்டனில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் காப்பகத்தில் ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள்: சிவப்பில் பெரிதாகக் குறுக்கே அடித்த கைப்பிரதிப் பக்கங்கள். 2019இல் முழுப் புத்தகம் வந்தது. உங்கள் வீட்டிலிருந்து ஹாமில்டன் ஒன்றும் தூரமில்லை.

அட்வுட்டைச் சொன்னீர்கள். கனடிய இலக்கியத்துக்கு வரைபடம் போட்ட அவருடைய ‘சர்வைவல்’ 1972இல் வந்தது. அதில் பூர்வகுடிகள் வருவது வெள்ளையர் எழுத்தின் பாத்திரங்களாகத்தான். ஊர் ஊராக மேடையேறிக் கவிதை படித்த மோஹாக் கவிஞர் பாலின் ஜான்சன் 1913லேயே இறந்துவிட்டார். அவரை எப்படி விட்டேன் என்று அட்வுட்டே பின்னாளில் கேட்டுக்கொண்டார். அது அவருடைய நேர்மை.

எனக்கு மிகவும் பிடித்தது ‘சனாக்’ என்ற நாவல். 1950களில் கியூபெக்கின் வட கோடியில், அங்குள்ள இனுயிட் பூர்வகுடிகளின் இனுக்டிடுட் மொழி கற்க வந்த பாதிரியார்கள் மிட்டியார்ஜுக் நப்பாலுக் என்ற பெண்ணிடம் அன்றாடச் சொற்களை வைத்து வாக்கியங்கள் எழுதித் தரச் சொன்னார்கள். அவர் கதை எழுத ஆரம்பித்துவிட்டார். அதற்குமுன் நாவல் எதையும் படித்தவரல்ல. எழுதியது இனுக்டிடுட் எழுத்தில். அதில் நம்மைப்போல் காலும் கொம்பும் போடுவதில்லை. அதே எழுத்தைத் திசைமாற்றித் திருப்பினால் ‘ப’ ‘பி’யாகும், ‘பு’வாகும். முதல் காட்சியில் சனாக் படுக்கைப் பாய்க்குக் குச்சி பொறுக்கக் கிளம்புகிறாள். சுமை கட்ட வார், பிறைக் கத்தி, நாய்களுக்குத் தீனி என்று ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறாள். வார்த்தைப் பட்டியல் கதையாக மாறும் இடம் அது. புத்தகமாக வந்தது 1984இல், ஆங்கிலத்தில் 2014இல்தான். இதை எங்கே வைப்பீர்கள் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.

அப்புறம், பாடத்தில் வைத்ததெல்லாம் நல்ல புத்தகம் என்று நான் சொல்லவில்லை. ஷேக்ஸ்பியர் எங்கேயும் போய்விடமாட்டார். வேண்டுமானால் ‘மக்பெத்’தை நீங்களே வீட்டில் சொல்லிக்கொடுங்கள், சின்னப் புத்தகம்தான்.